பிணம் கண் திறந்த டேக்

மகளே,

உன் கடிதம் வந்தது. "வணக்கம்" என்று ஆரம்பித்து, "இந்த வயதில் பிணமாக நடிப்பது எங்களுக்குத் தலைகுனிவு, இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்" என்று முடித்திருக்கிறாய். வக்கீல் நோட்டீஸ்கூட இதைவிடக் கனிவாக இருக்கும்.

நிறுத்த மாட்டேன்.

மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி அழுதவள் நான். சினிமாவில் கதாநாயகி, அக்கா, மாமியார் எல்லாம் ஆகிவிட்டு இப்போது பிணம். அது ஒன்றும் சும்மா வேலை இல்லை. மூச்சை அடக்கி, இமை துடிக்காமல் ஒரு நிமிடம் கிடந்து பார், தெரியும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். முதல் டேக்கைக் கெடுத்தது நான்தான். மகளாக நடித்த பெண் என் மேல் விழுந்து "அம்மா!" என்று கத்தினாள். நான் கண்ணைத் திறந்து, "என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

செட்டே சிரித்தது. டைரக்டர் ஓடி வந்தார். "என்ன மேடம், செத்தவங்க பதில் பேசலாமா?"

"கண்ணு அசந்துட்டேன் தம்பி" என்று சமாளித்தேன். நாற்பது வருடத்தில் செட்டில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. அது உனக்குத் தெரியும். அடுத்த டேக்கில் ஒழுங்காகச் செத்தேன்.

அடுத்த மாதம் மறுபடி மேடை. முழு நாடகம், நான்தான் கதாநாயகி. நிறுத்தச் சொல்வதென்றால் நேரில் வந்து சொல். வணக்கமெல்லாம் வேண்டாம், ஒழுங்காகக் கூப்பிட்டு ஆரம்பி. கடைசி வரிசையில் நின்று கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும்.

கூப்பிட்டால் செத்துக் கிடக்கத் தெரியாத,
உன் அம்மா