தாம்பூலத் தட்டும் ஒரு தும்மலும்

மைசூர்

கோபித்துக்கொண்டு ஹனூருக்குப் போய்விட்ட என் சிநேகிதனுக்கு,

நலம் விசாரித்தால் கிழித்துப் போடுவாய். நேரே மூக்குக்கு வருகிறேன்.

போன ஞாயிறு உன் மகனுக்கும் என் பூங்குழலிக்கும் நிச்சயம் செய்யத் தாம்பூலத் தட்டை நீ நீட்டினாய், நான் தும்மினேன். "அபசகுனமாயிருச்சு, எந்திரிங்க" என்று குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டாய். "உங்க மூக்குக்கு வேற நேரமே கெடைக்கலையா?" என்று என் வீட்டுக்காரி இன்னும் கேட்கிறாள். எதிர்வீட்டு அஞ்சலையக்கா என் தும்மலைத் தெருவெல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

டாக்டரிடம் போனேன். சகுனமெல்லாம் இல்லையாம், பக்கத்துக் காலிமனைப் பார்த்தீனியச் செடியின் மகரந்தமாம். மூக்குக்குள் மாஸ்ட் செல் என்று காவல்காரர்கள் இருக்கிறார்களாம். அப்பாவி மகரந்தத்தைத் திருடன் என்று உடம்பு எப்போதோ முடிவு கட்டிவிட்டதால், இப்போது ஒரு துகள் பட்டாலும் அவர்கள் விசில் ஊதி ஊரைக் கூட்டுகிறார்களாம். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன். உடனே உன் ஞாபகம் வந்தது.

இதைக் கேட்ட பூங்குழலி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு போய்க் காலிமனைச் செடி மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தட்டோடு வா. மாத்திரை சாப்பிடுகிறேன், தும்மல் நின்றுவிட்டது. தூக்கம்தான் சொக்குகிறது. தாம்பூலம் மாற்றும்போது என் தலை ஆடினால், சம்மதம் என்று எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உனக்குச் சம்பந்தியாகியே தீரவேண்டிய மூக்கு