இரண்டு அடி இரண்டு அங்குலம் குறைந்துபோன படகு

அனுப்புநர்:
செபமாலை கிறிஸ்துநாயகம்,
‘அடைக்கல மாதா’ படகின் உரிமையாளர்,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் அவர்கள்,
சிறு படகுகள் பதிவுப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: வெட்டப்படாத படகை வெட்டியதாகக் கருதி எனது அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைத்தமை

மதிப்புக்குரிய ஐயா,

முப்பத்திரண்டு வருடங்களாகக் கடலுக்குப் போய் வருகிறேன். இதுவரை எந்தக் கந்தோருக்கும் மனு எழுதியவன் அல்லன். இதை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது. முதல் இரண்டு நாளும் எழுதியவற்றில் மரியாதை போதாது என்று என் மனைவி லூர்த்தம்மா கிழித்துப்போட்டுவிட்டார். ஆகவே பின்வருவனவற்றை மிகுந்த பணிவுடன் அறியத்தருகிறேன்.

1. ‘அடைக்கல மாதா’ இருபத்தொரு அடி ஆறு அங்குல நீளமுள்ள பைபர் படகு. தங்கள் பிரிவின் பழைய பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இருபது அடிக்குக் குறைந்த படகுகள் கடனீரேரியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது தங்கள் சட்டம். எங்கள் வலைக்குரிய மீன் அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

2. இவ்வருடம் முதல் உத்தியோகத்தர்கள் கரைக்கு வந்து அளக்கமாட்டார்கள் என்றும், உரிமையாளரே படகின் பக்கவாட்டுப் படத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றும் அறிவித்தீர்கள். படகின் அருகே உரிமையாளர் ஆறு அடிக் கம்பு ஒன்றை நிமிர்த்திப் பிடித்தபடி நிற்க வேண்டும். படத்தின் நீளப்பக்கம் ஆயிரத்து இருநூறு பிக்சலைத் தாண்டக் கூடாது. கம்பின் உயரத்தை வைத்துப் படகின் நீளத்தை அலுவலகத்தில் இருந்தபடியே கணித்துவிடுவார்கள். வெயிலில் நின்று மாரடிப்பதைவிட இது நல்லது என்று அப்போது நானும் சொன்னேன். சொன்னதற்கு இப்போது வருந்துகிறேன்.

3. என் மகள் கிறிஸ்ரினாவின் கணவர் றெஜி கலியாண வீடுகளில் படம் பிடிப்பவர். போனில் ஒரு படம் எடுத்தால் போதும் என்றேன். “மாமா, நான் ஒருத்தன் இருக்க நீங்கள் போனிலை எடுத்து அனுப்பினா என்ரை பேர் என்னாகிறது?” என்று கோபித்துக்கொண்டு, பெரிய கமெராவையும் குடை விளக்கையும் கரைக்குத் தூக்கி வந்தார். அவர் எடுப்பது ‘றோ’ படம். கமெரா கண்டதை ஒன்றும் கழிக்காமல் அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பு அது. செதிள் எடுக்காத மீன் மாதிரி என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அதை ஒரு மென்பொருளில் போட்டு, வெளிச்சம் திருத்தி, அளவைச் சிறிதாக்கித்தான் வெளியே எடுக்க வேண்டுமாம். பெப்ரவரி 9ஆம் திகதி அப்படி எடுத்த படத்தை எனக்குக் காட்டினார். நான் சரி என்றேன். அன்றே ஏற்றினார்.

4. பெப்ரவரி 25ஆம் திகதி தங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. அதில் இருந்த வாசகம்: “மேற்படி படகின் நீளம் பத்தொன்பது அடி நான்கு அங்குலமாகக் காணப்படுகின்றது. குறைக்கப்பட்ட இரண்டு அடி இரண்டு அங்குலப் பகுதி தற்போது எங்கே உள்ளது என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் அறியத்தரவும். அதுவரை அனுமதிப்பத்திரம் நிறுத்திவைக்கப்படுகின்றது.”

ஐயா, நான் கடிதமும் கையுமாகக் கரைக்கு ஓடினேன். படகு முழுதாகத்தான் நின்றது. என்னோடு தொழிலுக்கு வரும் இருவரில் சுபாஸ் அளவுநாடாவின் ஒரு நுனியையும் அடைக்கலநாதன் மறு நுனியையும் பிடித்தார்கள். இருபத்தொரு அடி ஆறு அங்குலம். பிறகு கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தடவை அளந்தார்கள். அளவு மாறவில்லை. “அண்ணை, போட் மெலிஞ்சுபோச்சாம். நீங்கள் ஏன் மெலியேல்லை?” என்று ஒருவர் கேட்டார். அவருடைய பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

5. சிவராத்திரி விடுமுறை கழிந்து 27ஆம் திகதி தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உத்தியோகத்தர் திரு. பிரகலாதன் அவர்கள் என்னை இருத்தித் தேநீர் தந்தார். குறை சொல்ல முடியாத மனிதர். கணினியில் என் படத்தைத் திறந்து, கம்பை அளந்து, படகை அளந்து, மூன்று தடவை கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று தடவையும் பத்தொன்பது அடி நான்கு அங்குலந்தான். “ஐயா, நான் கையாலை இழுத்து நீட்டேலாது தானே?” என்றார். பிறகு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினார். “குறை நினைக்காதேங்கோ. உதிலை நிக்கிறது நீங்கள்தானோ, இல்லாட்டி உங்கடை தம்பியாரோ?” என்று கேட்டார். எனக்குத் தம்பி கிடையாது. அதைச் சொன்னபின், உரிமையாளரின் அடையாளமும் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்று கோப்பில் இன்னொரு வரி எழுதிக்கொண்டார். ஒரு சிக்கலோடு போனவன் இரண்டோடு வீடு திரும்பினேன்.

6. அன்று மாலையே றெஜியைப் பிடித்தேன். அவர் அந்தப் படத்தின் அளவைப் பார்த்தார். ஆயிரத்து எண்பதுக்கு எண்ணூறு என்று இருந்தது. “ஐயோ மாமா!” என்று தலையில் கை வைத்தார். ஆயிரத்து இருநூறுக்கு எண்ணூறு என்றல்லவா வந்திருக்க வேண்டும்! அளவு மாற்றும் இடத்தில் அகலத்தையும் உயரத்தையும் பிணைத்து ஒரு சிறிய சங்கிலிப் படம் இருக்கிறது. அது பூட்டியிருந்தால் படம் எவ்வளவு சிறிதானாலும் உருவம் மாறாது. றெஜி அதைக் கழற்றிவிட்டு, அகலத்தை மட்டும் பத்து வீதம் ஒடுக்கி, அந்த ஏற்பாட்டுக்குப் ‘பொம்பிளை’ என்று பெயரும் வைத்து, ஒரு தட்டில் வேலை முடியும்படி சேமித்து வைத்திருக்கிறார். “எல்லாக் கலியாணப் பொம்பிளையளுக்கும் உதுதான் மாமா. ஒருத்தரும் வாய்விட்டுக் கேக்கமாட்டினம். ஆனா ஒடுக்காட்டி பட அல்பத்தைப் பாத்திட்டு முகத்தைத் தூக்கி வைச்சிருப்பினம்.” தை மாதம் முழுக்கக் கலியாணம் எடுத்த கை, மாசி மாதம் என் படகுக்கும் அதே பொத்தானை அழுத்திவிட்டது. கம்பு நிமிர்ந்து நின்றதால் அதன் உயரம் குறையவில்லை. படகும் என் வயிறும் குறுக்காக இருந்ததால் இரண்டும் பத்தில் ஒரு பங்கு போய்விட்டன.

தன்னுடைய கலியாணப் படங்களிலும் அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டதா என்று கிறிஸ்ரினா றெஜியிடம் கேட்டிருக்கிறாள். அன்றுமுதல் அவர் கமெராவைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

7. இனி எழுதப்போவதை மறைத்தால் இந்த மனு உண்மையானதாகாது. ஏற்றுவதற்கு முன் படத்தை நான் பார்த்தேன் என்று மேலே சொன்னேன். ஐயா, நான் பார்த்தது என்னை. வயிற்றைக் காணவில்லை. தாடை தெரிந்தது. மூன்று மாதமாக முனியப்பர் கோயிலடி வரை மாலையில் நடந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். லூர்த்தம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினார். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தங்கை, அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்து, “அத்தான், நல்லா இளைச்சிட்டியள். சுகர் குறைஞ்சிட்டுதோ?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைப் பாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெற்றாயிற்று.

இரண்டு கட்டை தூரத்தில் பத்துப் படகு வந்தாலும் என்னுடையது எது என்று முன்பக்க அணியத்தைப் பார்த்தே சொல்லுவேன். அந்தப் படத்தில் அணியம் கூர் மழுங்கித் தொட்டி மாதிரி நின்றது. அது என் கண்ணில் படவே இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

8. மார்ச் 2ஆம் திகதி, சங்கிலி பூட்டிய சரியான படத்தை ஏற்றினோம். அதற்கு வந்த பதில்: “மூன்று வாரத்துக்குள் படகு இரண்டு அடி இரண்டு அங்குலம் நீட்டப்பட்டுள்ளது. கட்டமைப்பு மாற்றத்துக்கான பொறியியலாளர் சான்றிதழைச் சமர்ப்பிக்கவும். உரிமையாளரின் தோற்றத்திலும் கணிசமான மாற்றம் அவதானிக்கப்படுகின்றது.” நீட்டாத படகுக்கு நீட்டியதாகச் சான்றிதழ் தர எந்தப் பொறியியலாளரும் முன்வரவில்லை. தோற்றத்துக்கு யாரிடம் சான்றிதழ் கேட்பது என்பதும் தெரியவில்லை.

9. இன்றோடு இருபத்துமூன்று நாள் படகு கரையில் கிடக்கிறது. தவக்காலம், இறைச்சியை விட்ட பங்கு மக்கள் எல்லோரும் மீன் கேட்கிறார்கள். நான் மற்றவர்களின் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சுபாஸ் விடிந்ததும் வந்து வலையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அடைக்கலநாதனுக்கு நான்கு பிள்ளைகள். “அண்ணை, ஞாயிறு மட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு வேறை போட்டிலை ஏறினா கோவிக்காதேங்கோ” என்று நேற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. பதினான்கு வருடம் என்னோடு வலை இழுத்தவன். அவன் போனால் ஐம்பத்தெட்டு வயதில் நானும் சுபாசுமாக அந்த வலையை இழுக்க முடியாது. பிறகு தாங்கள் அனுமதி தந்தாலும் படகு கரையில்தான் கிடக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

10. ஆகவே, எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என் அனுமதிப்பத்திரத்தைத் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது படத்தில் நிற்கும் பருத்த மனிதன் நானே என்று சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பம் வைக்கத் தயார். திரு. பிரகலாதன் மீது எனக்கு முறைப்பாடு இல்லை. தனக்குக் கொடுத்த படத்தை அவர் ஒழுங்காக அளந்தார். றெஜி மீதும் நடவடிக்கை வேண்டாம். அதை என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. திரு. பிரகலாதன் என் படத்தை மூன்று தடவை அளந்த அறையில், அவருடைய கதிரைக்குப் பின்னால் ஒரு யன்னல் இருக்கிறது. கோப்பு அலுமாரி அதில் முக்கால்வாசியை மறைத்து நிற்கிறது. மிச்சக் கால்வாசிக்குள்ளால் கடல் தெரிந்தது. கரையில் இழுத்து வைத்திருந்த படகுகளும் தெரிந்தன. இடப்பக்கம் மூன்றாவதாக, நீல நிறத்தில், ‘அடைக்கல மாதா’ நின்றது. அவருடைய முதுகிலிருந்து ஐம்பது யார் தூரம் இருக்கும். பெரியவர்கள் கணக்குப் பார்க்கும்போது குறுக்கே கதைக்கக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்லுகிறேன். தாங்கள் ஒரு தடவை படி இறங்கி வாருங்கள், ஐயா. நாடாவை நான் கொண்டு வருகிறேன். ஒரு நுனியைத் தாங்கள் பிடித்தால் போதும்.

இங்ஙனம்,
கரையில் காத்து நிற்கும்,

(ஒப்பம்)
செ. கிறிஸ்துநாயகம்

இடம்: குருநகர்
திகதி: 2025.03.20