மூன்று பேர் லைசன்ஸ்

ஜூலை 7, திங்கள்
மழை. விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. கூட்டாளி மா திடாவோடு லைசன்ஸ் ஆபீஸ். முழு இன்வெர்ட்டரை வெளிநாட்டிலிருந்து இறக்க லைசன்ஸ் வேண்டாமாம். அதற்குள் இருக்கும் சிப்பை இறக்க வேண்டுமாம். வாங்கி விற்கிறவனுக்கு ராஜபாட்டை, செய்கிறவளுக்கு அலைச்சல். எரிச்சல். மூன்று பட்டறை கூட்டாக மனுப் போட்டால் கிடைக்கும் என்றார் ஆபீசர். நாங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு பட்டறைதானே. ஆற்றுக்கு அக்கரை தன்லியினில் கோ டே சர்க்யூட் போர்டு செய்கிறார், திடா புரோகிராம், நான் பூட்டிச் சோதிப்பது. மனுப் போட்டாச்சு.

ஜூலை 10
த்வாண்டே ஊர்க் கிளினிக்கில் அவசரம். கரண்ட் போனால் ஊசிமருந்து ஃபிரிட்ஜ் சூடாகிறது. லைசன்ஸ் வரும்வரை பொறுக்க முடியாது. பபேடான் கடைத்தெரு, காதர் பாய் கடை. புது இன்வெர்ட்டர் ஒன்று, சிப்பைப் பெயர்த்தெடுக்க.
"ஏம்மா, நல்ல மிசினை வாங்கி ஒடைக்கிறீங்களே. அப்படியே மாட்டினா என்ன?"
"நம்ம ஊரு வோல்டேஜுக்கு ஒரே மாசத்துல புகைஞ்சிரும் பாய்."
சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 14
கோ டே போய்விட்டார். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம்; பிடிபடுமுன் எல்லை தாண்டிவிட்டார். பாங்காக்கிலிருந்து போன்: "போர்டெல்லாம் வீட்ல இருக்கு, எடுத்துக்கங்க." ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதுதான்.

ஜூலை 19
த்வாண்டேயில் மாட்டியாச்சு. ஓடுகிறது! நர்ஸம்மா மூன்று தடவை மெயினை அணைத்துப் பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் திடா, மெதுவாக: "அக்கா, எனக்கும் பாங்காக்ல வேலை கிடைச்சிருக்கு." நல்லதும்மா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4
வாங்க: ஈயக்கம்பி, மெழுகுவத்தி, முட்டை.
திடாவும் போய் ஒரு வாரம். காய்கறிக்காரியிடம் விலை கேட்டதைத் தவிர இன்று யாரோடும் பேச்சில்லை. பட்டறையில் என் இருமல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. தனிமை பழகிவிடும் என்கிறார்கள். பழகவில்லை.
மாலை போன். லைசன்ஸ் பாஸ்! மூன்று பேரும் நாளை நேரில் வந்து கையெழுத்துப் போடணுமாம். சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? சிப் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். இன்னும் இரண்டு கிளினிக் கேட்டிருக்கிறது. மிசின் உடைத்தே எத்தனை நாள் ஓட்டுவது.

ஆகஸ்ட் 5
தனியாகப் போனேன்.
"மத்த ரெண்டு பேரு?"
"மழையில மாட்டிக்கிட்டாங்க சார். வந்துருவாங்க."
வெளியே நல்ல வெயில். ஆபீசரும் ஜன்னலைப் பார்த்தார். பியூனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார்.