நோகாத கடி

மச்சான்,

இன்று விடியற்காலையில் வலையை இழுத்துக் கரையில் போட்டதும் அந்த வாடை வந்தது. சேறும் கெளுத்தி மீனின் வழுவழுப்பும் கலந்த வாடை. உடனே வலைக்குள் உன் கைதான் தெரிந்தது. இத்தனை வருடமாகியும் என் கைக்கு முன்னால் உன் கை போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது உன் தம்பிதான் என்னோடு தோணியில் வருகிறான். இன்றைக்கு வலையின் அடியில் ஒரு வலைக்கடியன் பாம்பு கிடந்தது. துடுப்புப் போலத் தட்டை வால், கீழே வளைந்த மூக்கு. மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்ததுபோலக் கிடந்தது. கெளுத்தியைத் தின்னத்தான் இந்தப் பாம்பு கடலிலிருந்து பனிச்சங்கேணிக் களப்புக்குள் வருகிறது. அதனால் இரண்டும் ஒரே வலையில் சிக்கும்.

அன்றும் அப்படித்தான். மீன் ஏற்றும் கூலர் வண்டி அவசரப்படுத்திக்கொண்டு நின்றது. நீ கையை உதறினாய். விரலில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளிகள்.

"கெளுத்தி முள்ளாக்கும்" என்றாய்.

"நோகுதா?"

"இல்ல மச்சான், நோகவே இல்ல."

"அப்ப நீ அதிர்ஷ்டக்காரன்தான். மீனக் கழட்டு" என்று சிரித்தேன்.

மடையன் நான். கெளுத்தி முள் குத்தினால் தோள் வரைக்கும் கடுக்கும் என்று தெரியாதவனா? நோகாத முள் என்ன முள் என்று எனக்குத் தோன்றவில்லையே! பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க உனக்கு வாய் திறக்கவில்லை. கண் இமை சரிந்தது. சிறுநீர் பாலில்லாத பிளேன்ரீ நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், உன்னைக் கடித்தது வலைக்கடியனாம், அதன் கடி நோகாதாம், வீங்காதாம். "ஏன் இவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?" என்று டொக்டர் கேட்டார். அன்றிரவே நீ போய்விட்டாய்.

இன்று உன் தம்பியும் "ஆ!" என்று கையை உதறினான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

"நோகுதா?"

"என்னண்ணே கேள்வி! நோகுது, உசிரு போகுது!" என்று கெளுத்தியின் பரம்பரையையே தூஷணத்தால் ஏசினான். நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

"முள்ளுக் குத்தினது எனக்கு. நீங்க ஏன் அழுறீங்க?"

நோகுது நோகுது என்று அவன் கத்தக் கத்த, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நீ சொல்லியிருக்கக் கூடாதா, மச்சான்?