கழுத்து வரை ஏறிய நிழல்

புரொபசர் அம்மா, போன வாரம் முட்டிவலிக்கு எக்ஸ்ரே படம் எடுக்கச் சேலம் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அங்கே வேலை செய்யும் பிள்ளை, "முடியை மேல தூக்கிக் கட்டிக்குங்க" என்றது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் காலமானதை உங்கள் மாணவர் ஒருவர் ஏற்காட்டுக்கு வந்தபோதுதான் சொன்னார்.

மே மாதமானால் இன்ஜினியரிங் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நான் சமையல் பார்த்த லாட்ஜுக்கு வருவீர்கள். உடம்புக்குள் படம் பிடிக்கும் மிஷின்களைப் பற்றிப் பாடம். ஆனால் மிஷின் ஒன்றும் வராது. என் அடுப்படிச் சாமான்தான். டார்ச் முன்னால் டம்ளரைப் பிடித்தால் சுவரில் வட்டம் விழும், திருப்பினால் கட்டம் விழும். "நிழலை மட்டும் பாத்து இது என்ன சாமான்னு சொல்லுங்க" என்பீர்கள். ஒருமுறை சாம்பார்க் கரண்டியைக் கொண்டுபோய்விட்டீர்கள். அன்று நான் சொம்பால் மொண்டு ஊற்றினேன். அது கிடக்கட்டும்.

நீங்கள் கடைசியாக வந்த வருசம் என் மகளுக்கு டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர நெஞ்சுப் படம் கேட்டார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், மேல் நெஞ்சில் நிழல் தெரிகிறது, டிபியாக இருக்கலாம், ஹாஸ்டலுக்கு அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார். இடம் போய்விடும் என்று மகள் அழுதாள். பிள்ளையே போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

"என்னங்க, இன்னிக்கு உப்புமாவுல உப்பே இல்ல?" என்று கேட்டீர்கள். படத்தை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டீர்கள்.

"டிபி, மேடம்," என்றான் ஒரு பையன்.

"நோய்க்குப் பேரு வைக்கறது நம்ம வேலை இல்ல. நிழல் எங்க இருக்கு? நெஞ்சுக்குள்ளயா, முன்னாலயா, பின்னாலயா?"

"ஒரே படத்துல அது எப்படி மேடம் தெரியும்?"

"அப்ப எதை வச்சு டிபின்னே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களை அடக்கினீர்கள். நிழலின் ஓரத்தை விரலால் மேலே தொடர்ந்தீர்கள். அது காறை எலும்பையும் தாண்டிக் கழுத்துவரை ஏறியது.

"நுரையீரல் இங்கயே முடிஞ்சிருதே. இது எங்க போகுது?"

ஒரு மாணவியின் கை தன் சடைக்குப் போனது. "ஏனுங்கண்ணா, உங்க பொண்ணுக்கு முடி நீளமா?"

"நொம்ப நீளமுங்க. மலை பஸ்ஸுல காத்துக்குப் பறக்கும்னு அவங்கம்மா எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னி, முன்னால எடுத்துப் போட்டு உட்டா. படம் எடுக்கறப்பவும் அப்படியேதானுங்க நின்னுச்சு."

அப்போதும் நீங்கள் அவசரப்படவில்லை. "சடையா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் டாக்டர் இல்லைங்க. முடியைத் தூக்கிக் கட்டி இன்னொரு படம் எடுத்து அந்த டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்றீர்கள்.

எடுத்தோம். புதுப் படத்தில் நிழலைக் காணோம். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல கண்ணு, ஹாஸ்டலுக்குப் போ," என்றார்.

நிழல் விழுந்தது முடியாலா, எண்ணெயாலா, இறுக்கிப் பின்னியதாலா? அடுத்த மே மாதம் கேட்கலாம் என்றிருந்தேன். அப்புறம் நீங்கள் வரவே இல்லை. அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள்தான்; முப்பது வருசத்துக்கு மேல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவள். இப்போது அவளையே கேட்டேன். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"தெரியலீங்கப்பா. மூணுக்கும் தனித்தனியா படம் எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."