சித்தி வீடு இருக்கும் ஊரில் ஹாஸ்டல்

ஜூலை 28, செவ்வாய்

காலையிலிருந்து மழை. செம்பனை லாரிகள் வரவில்லை. எண்ணெய் ஆலை ஆபீஸில் ஈ ஓட்டுகிற வேலைதான். மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் தேடல்.

சனி, ஞாயிறு இரண்டு காலையும் மலாக்கா டவுனில் பரீட்சை. எங்கள் லூபோக் சீனா கிராமத்திலிருந்து காலை பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது. இரண்டு இரவு அங்கே தங்கியாக வேண்டும். இந்த இரண்டு தாளோடு அஞ்சல்வழிப் படிப்பு முடிகிறது. நாற்பது தாண்டி ஒரு பட்டதாரி. பாஸானால்.

போன தடவை அதே டவுனில், புக்கிட் காத்தில் பகுதியில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கினேன். அம்மாவின் தங்கை, அன்புக்குக் குறைவே இல்லை. ஹாலில் படுக்கை. டிவி, பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டு நாய். கண் அசந்தால் சித்தி ஒரு கப் சூடான மைலோவோடு வந்து, "படிச்சு முடிச்சிட்டியாடி?" மறுநாள் கேள்வித்தாள் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டேன். கணக்கியலில் ஃபெயில். இன்னொரு முறை ஃபெயிலானால் படிப்பை மூட்டை கட்டிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஜூலை 29, புதன்

மழை விட்டது. துணி காயவில்லை.

பார்த்த இடங்கள்:

– சுற்றுலாத் தெரு. படத்தில் கொள்ளை அழகு. வார இறுதியில் வாசலிலேயே இரவுச் சந்தை, பாட்டுப் பெட்டி கட்டிய பேச்சா சைக்கிள் ரிக்‌ஷாக்கள். வேண்டாம்.

– பஸ் நிலையம் பக்கம். மலிவு. தங்கிய ஒருவர் எழுதியிருக்கிறார்: கீழே கரோக்கே, பாடுகிறவருக்குச் சுருதி சேரவில்லை. யாரோ, நன்றாயிருக்கட்டும்.

– பழைய கடைவீட்டு மாடி. பெண்களுக்கென்று தனி அறை, அடுக்குக் கட்டில்கள். பின்சந்தில் அம்மன் கோயில்.

கோயில் என்றதும் மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது. தனியாகப் போகிற பெண்ணுக்குத் துணை. சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். ஃபோன் போட்டேன். முதலாளி ஒரு சீனப் பெரியவர். சத்தம் இருக்குமா என்று மலாயில் கேட்டதற்கு, "இங்கே எல்லாரும் தூங்கத்தானே வருகிறார்கள்" என்றார். வாடகையும் கட்டுப்படியாகும். பதிந்தாயிற்று.

வீட்டுக்காரர் லாரியைக் கழுவிக்கொண்டே கேட்டார், "சித்திக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"யார் சொல்லப்போறா?"

"சொந்தக்காரங்க வீடு இருக்கிற ஊர்ல காசு குடுத்துப் படுக்கிறே. தெரிஞ்சா நம்ம வீட்டுப் படி மிதிக்க மாட்டாங்கலா."

சிரிப்பு வேறு. சித்தியை இழக்க முடியாது, தூக்கத்தையும் இழக்க முடியாது.

ஜூலை 31, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தேன். வெள்ளை விரிப்பு, கதவோரம் செருப்பு அடுக்கு, சன்னமாக ஒரு மின்விசிறி. அப்படி ஒரு அமைதி. ஐ.சி. அடையாள அட்டை, பரீட்சைச் சீட்டு, கால்குலேட்டர், எல்லாம் தலையணைக்கு அடியில்.

சன்னலைத் திறந்தால் சந்தில் ஒருவர் ஏணியில் நின்று விளக்குக் கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கிறார். இறங்கி ஓடினேன்.

"அண்ணே, இன்னிக்கு என்ன?"

"என்னம்மா இப்படிக் கேக்கிறீங்க? ஆடி வெள்ளிலா."

பற்று வரவு படித்துப் படித்து ஆடி மாதமே மறந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அம்மன் கோயிலைப் பார்த்து வளர்ந்தவள், கோயில் பக்கம் அமைதியாக இருக்கும் என்று தேடிப் பிடித்து வந்திருக்கிறேன்! என்னைத் தவிர யாருக்கும் இந்தப் புத்தி வராது.

சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் உடுக்கை, உறுமி. புத்தகம் பிரித்தபடி கிடந்தது. மேல்கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காதை அடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூக்கம். பசி. சரி, கூழாவது குடிப்போம் என்று வரிசையில் நின்றேன். கப்பை நீட்டினேன். கரண்டி நின்றது.

சித்தி.

கூழ் ஊற்றுகிற சேவையாம். அந்தக் கோயில் பெண்கள் குழுவில் சித்தியும் ஒருத்தி. எனக்கு எப்படித் தெரியும்?

"நீ எங்கடி இங்க?"

பொய் வாய் வரை வந்து நின்றுவிட்டது. "பரீட்சை சித்தி. அந்த மாடியில ரூம் எடுத்திருக்கேன்."

சித்தி கப் வழிய வழிய ஊற்றிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரின் கப்பை வாங்கினார். திட்டியிருந்தால் தேவலை.

பூஜை முடிந்து ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். சித்தி வந்தார். "எங்க படுத்திருக்கே, காட்டு." மாடி ஏறினார். விரிப்பைத் தடவிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்து, "சத்தமே இல்லையேடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோபமா, என்னவென்றே புரியவில்லை.

ஆகஸ்ட் 1, சனி

நன்றாகத் தூங்கினேன். முதல் தாள் சுலபம். ரொட்டி சானாய் இரண்டு, ஒரு கிளாஸ் தே தாரேக் டீ.

திரும்பி வந்தால் கீழே வரவேற்பு மேசையருகே சித்தி. மடியில் துணிப்பை. முதலாளி அவருக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

"உன் பக்கத்துக் கட்டில் காலியா இருக்காம். நானே காசு கட்டிட்டேன்."

"வீட்டுல என்ன சொன்னீங்க சித்தி?"

"ராத்திரியும் கோயில்ல வேலைன்னு சொன்னேன். நாளைக்கும் கூழ் இருக்கு, சந்தேகப்பட மாட்டாங்க." பிறகு, "நான் வாயே தொறக்க மாட்டேன். நீ படி."

சொன்ன சொல் மாறவில்லை. முகம் கழுவி, திருநீறு பூசி, படுத்தவர்தான். வெளியே நல்ல வெயில். குறட்டைகூட மெதுவாகத்தான்.

படித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மகள் குடும்பம் வந்துவிட்டால் சித்திக்கும் அந்த வீட்டில் ஹால்தான். மைலோ கொண்டுவந்தபோது அவரும் தூங்காமல்தான் இருந்திருக்கிறார். இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவே இல்லை. பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

தூறல். கணக்கியல். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன், ஐந்தொகை இரு பக்கமும் சரியாக வந்தது. கொட்டாவிகூட விடவில்லை. பாஸ் ஆகிவிடுவேன். எழுதியே வைக்கிறேன்: பாஸ் ஆகிவிடுவேன்.

இரண்டு பேருக்கும் சைவ நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அறையைக் காலி செய்கிற நேரம் தாண்டிவிட்டது. முதலாளி மாடியைக் காட்டி விரலை உதட்டில் வைத்தார். இன்று யாரும் வரவில்லை, இருக்கட்டும் என்றார்.

சித்தி இன்னும் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. துணிப்பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

சித்தப்பா. என் குரலைக் கேட்டும், நான் எப்படி இங்கே என்றுகூடக் கேட்கவில்லை. "எங்க போயிட்டா இவ? சட்டினி எங்க வச்சிருக்கான்னு கேளு. புள்ளைங்க வேற ஒரே சத்தம்."

"கோயில்ல சரியான கூட்டம் சித்தப்பா. சித்தி கூழ் ஊத்திக்கிட்டு இருக்காங்க, பேச முடியாதுலா. சாயங்காலம்தான் வருவாங்க."

ஃபோனை அணைத்தே வைத்தேன். உள்ளே வந்து பார்த்தால் சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மெதுவாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.