பாலறைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவில்

14 ஏப்ரல் 1986, திங்கள்

பிரெடெரிசியா நகருக்கு வெளியே உள்ள பழைய மாதிரிப் பண்ணையை அளந்து படம் கீறும் வேலை இன்று தொடங்கியது. மற்றக் கமக்காரர் பார்த்துப் பழகட்டும் என்று நூறு வருடத்துக்கு முன் ஒரு பணக்காரர் கட்டியதாம். நடுவில் முற்றம், மூன்று பக்கமும் செங்கல் கட்டடம். மேல்தட்டில் தள்ளும் வைக்கோல் நேரே மாட்டின் முன்னால் விழும். சாணம் பின்வாய்க்காலால் போய்விடும். ஓர் அடிகூட வீணாக நடக்கத் தேவையில்லை. கட்டியவர் மாட்டோடு மாரடித்தவராகத்தான் இருக்கவேண்டும்.

கட்டடக்கலைஞர் போடில் என் சான்றிதழ்களைக் கேட்டார். மட்டக்களப்பில், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஏழு வருடம் படவரைஞராக இருந்தேன், கடதாசிகள் வீட்டோடு எரிந்துவிட்டன என்றேன்.

"சரி யசிந்தா, ஒரு மாதம் பார்ப்போம்" என்றார்.

16 ஏப்ரல்

வடக்குப் பக்கம் கணக்கு ஒத்துவரவில்லை. வெளியே அளந்தால் 31 மீற்றர் 20. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் 30.35. மிச்சம் எண்பத்தைந்து சென்ரிமீற்றர் எங்கே?

17 ஏப்ரல்

திரும்ப அளந்தேன். அதே எண்பத்தைந்து. ஏழு வருசம் கீறின எனக்கு ஒரு கொட்டில் அளக்கத் தெரியேல்லையா? சான்றிதழும் இல்லை, இப்ப இதுவும் —

என் மனுசன் தொழிற்சாலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டே, "ஒரு சுவரைக் கொஞ்சம் தடிப்பாக் கீறிவிடன். ஆர் பாக்கப்போகினம்?" என்றார்.

"நான் பாப்பன்" என்றேன்.

பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

20 ஏப்ரல், ஞாயிறு

பூசையிலும் எண்பத்தைந்துதான்.

21 ஏப்ரல்

போடிலிடம் சொல்லிவிட்டேன். என் பிழையாக இருக்கலாம், ஆனால் மறைக்க விருப்பமில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்து என்னோடு சேர்ந்து அளந்தார். அதே எண்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு சுவராகச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு போனார். பாலறைக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவில் உள்ள சுவர் மட்டும் வெறும் பெட்டிபோலக் கேட்டது. அதில் கதவில்லை, தடிப்பை நேரே அளக்க முடியாது. அதனால் மற்றச் சுவர்களின் தடிப்பையே அதற்கும் போட்டிருந்தேன்.

போடில் கூப்பிட்ட மேசன் ஒரு கல்லைக் கழற்றினார். ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். உள்ளே குளிர்ந்த இருட்டு, அதற்கு அப்பால் இன்னொரு சுவர். மாடுகளின் சூடு பாலுக்கு எட்டாமல் இரட்டையாகக் கட்டியிருக்கிறார்கள்.

"எந்தப் பழைய படத்திலும் இது இல்லை" என்றார் போடில்.

கொட்டில் வாசலில் குந்தி இருந்து கொஞ்சம் அழுதேன். நாலு நாளைக்குப் பிறகு பசித்தது.

இவர் கேட்டுச் சிரித்தார். "நான் சொன்னனான்தானே, சுவர் தடிப்பெண்டு."

15 மே, வியாழன்

போடில் சொன்ன ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. காலையில் குதிரை லாயத்தின் பூட்டுக்குரிய திறப்பைத் தந்தார். விடுமுறை முடிந்து செவ்வாய்தான் வருவாராம், நான் தனியாகத் தொடங்கலாமாம். லாயத்துக்கு எட்டு யன்னல். மத்தியானத்துக்குள் ஆறு அளந்துவிட்டேன். மிச்ச இரண்டிலும் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் குந்தி இருந்து, கொண்டுபோன பாண் துண்டைச் சாப்பிட்டேன்.